ஸ்லரித் தரையில் நடந்தவர்

அந்த அக்காவை முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், காலில் ஏதாவது அடிபட்டதா என்று. நானும் கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை, கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதே நடையைத் தொடர்ந்தார். குதிகாலை அதிகம் தூக்காமல், பாதத்தை முன்னால் தள்ளி, அது நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே மறு பாதத்தைத் தள்ளுகிற நடை. அவரோடு கேட்டிலிருந்து ஷெட் வரை போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கம்மி. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி. வங்காளத்தில், சாந்த்ராகாச்சியிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனி. அங்கே எலக்ட்ரிக்கல் வேலைகளைப் பார்த்துக்கொள்வது நான். அப்பா ரயில்வே, நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸ். பெங்காலி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் அம்மாவோடு பேசிப் பழகிய அளவுக்கு. அக்கா ஈரோட்டுப் பக்கம். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர். கணவருக்கு அலிப்பூரில் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் உத்தியோகம். மாற்றலில் வந்த குடும்பம். எங்கள் பிளாண்டுக்கு அக்காதான் பொறுப்பு. தொழிலாளிகள் அவரைப் பெங்காலி முறையில் ‘திதி’ என்பார்கள். எனக்கு மட்டும் அக்கா.

சலவைத்தூளைத் தண்ணீரில் போட்டால் நுரை வருகிறதே, அந்த நுரைக்குக் காரணமான சரக்கைத்தான் நாங்கள் செய்தோம். தொழிலில் அதற்கு ஆசிட் ஸ்லரி என்று பெயர். ரியாக்டர் என்கிற பெரிய மூடிய கலத்தில் மண்ணெண்ணெய் மாதிரித் தெளிவான ஓர் எண்ணெயை நிரப்புவோம். பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது அது. அதற்கு மேலே, உயரத்தில், ஓலியம் டாங்கி. ஓலியம் என்பது கந்தக அமிலத்துக்கு அண்ணன் முறை. மூடியைத் திறந்தாலே வெள்ளையாகப் புகையும். அதை மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் விட வேண்டும். உள்ளே ஒரு கலக்கி விடாமல் சுற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும். அதைத் தணிக்கக் கலத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடும். சூடு கொஞ்சம் ஏறினால் சரக்கு கறுத்துவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். ரொம்ப ஏறினால் சரக்கைப் பற்றிக் கவலைப்பட அங்கே ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

ஓலியம் விட்டு முடிக்க அக்கா ஐந்து மணி நேரம் எடுப்பார். பிறகு தண்ணீர், அதுவும் நூல் பிடித்த மாதிரி. அப்புறம் எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்தி வைத்தால் மிஞ்சிய அமிலம் கனம் தாங்காமல் கீழே தங்கும். மேலே பழுப்பு நிறத்தில், பாகு பதத்தில் நிற்பதுதான் ஸ்லரி. எதற்கு அக்கா இவ்வளவு நேரம் என்று ஒருநாள் எரிச்சலாகவே கேட்டுவிட்டேன்.

“இந்த எண்ணெய்க்குத் தண்ணின்னாவே ஆவாதுங்க தம்பி. நாம என்ன பண்றோம், அதோட ஒரு முனையில ஆசிடைக் கோத்து, அந்த முனைய மட்டும் தண்ணிக்குச் சொந்தமாக்கறோம். மத்த முனை அழுக்கு எண்ணெயப் புடிச்சுக்கும், இந்த முனை தண்ணியப் புடிச்சுக்கும். சம்பந்தம் பேசற மாதிரிதான். அவசரப்பட்டா ரெண்டு வீடும் எரிஞ்சு போயிருமுங்க.”

இதைச் சொல்லவும் நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

முதலாளி அக்காவிடம் சண்டை போட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரத்தில் ஓலியத்தை முடித்தால் தினம் இன்னொரு பேட்ச் எடுக்கலாமே என்பது அவர் கணக்கு. அக்கா எதிர்த்துப் பேச மாட்டார். ஹாஞ்சி என்று தலையாட்டிவிட்டு வந்து வால்வை முன்பு வைத்த அதே இடத்தில் வைப்பார். முதலாளிக்கு முன்னாலேயே நாங்கள் இருவரும் தமிழில் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வோம். அவருக்கு மட்டுமில்லை, அந்த வளாகத்தில் வேறு யாருக்கும் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அது எங்களுக்குச் சின்னச் சந்தோஷம்.

பூஜை சமயத்தில் ஒருமுறை அம்மாவோடு கரியாஹாட் கடைவீதிக்குப் போனபோது அக்காவும் கணவரும் எதிரே வந்தார்கள். நடைபாதை முழுக்கக் கடை, ஆளை ஆள் தள்ளிக்கொண்டு போகிற கூட்டம். அதற்கு நடுவில் அக்கா அதே நடை. பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். ஒரு ரவிக்கைத் துணியைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் என் அம்மா மூன்று புடவை, தலையணை உறை, ஒரு பித்தளைக் கரண்டி எல்லாம் வாங்கி முடித்தாள். கணவர் பக்கத்துக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை மடித்து மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். பழகிய மனிதர். திரும்பும்போது அம்மா, இந்தப் பொண்ணு தீப்பிடிச்ச வீட்டிலிருந்து வெளியே வரவும் நல்ல நேரம் பார்ப்பாள் என்றாள். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

அக்காவின் பழக்கங்களிலேயே என்னை அதிகம் வதைத்தது லோட்ஷெடிங் சமயத்துப் பழக்கம். அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போனால் கலக்கி நின்றுவிடும். ஆபரேட்டர் நிமாய்தா உடனே ஓலியம் வால்வை மூடுவார். கரண்ட் திரும்பி வந்ததும் கலக்கி தானாக ஓடக்கூடாது என்பதற்காக ஸ்டார்ட்டர் கைப்பிடி தானே விழுந்துவிடுகிற மாதிரி அமைப்பு. அமிலப் புகை படாமல் இருக்க ஸ்விட்ச் அறையை ஷெட்டுக்கு வெளியே, அறுபது எட்டு எடுத்துவைக்கிற தூரத்தில் கட்டியிருந்தார்கள். நான் அங்கே போய் நிற்க வேண்டும். அக்கா தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு ரியாக்டர் பக்கத்தில் நிற்பார். நிமாய்தா விசில் ஊதினால் நான் மோட்டாரை ஒரே ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்த வேண்டும். பிறகு காத்திருப்பு. மறுபடி விசில், மறுபடி ஒரு நொடி. இப்படி ஏழெட்டுத் தடவை. ஓலியம் கனமானது, கலக்கி நிற்கும்போது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலக்கிவிட்டால் பொங்கிவிடும் என்பார் அக்கா. வால்வைத்தான் மூடியாயிற்றே, அடியில் எங்கிருந்து ஓலியம் என்று எனக்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் செப்டம்பரில் அக்கா ஊருக்குப் போனார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, மூன்று வாரம் லீவு. போகும்போது ஒரு நொடி ஓட்டத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். சரி என்றேன். அவர் போன மறுநாளே விஸ்வகர்மா பூஜை வந்தது. மெஷின்களுக்கு மாலை போட்டோம், கிச்சடி சாப்பிட்டோம், மாடியில் பட்டம் விட்டோம். மறுநாள் ஐந்து தடவை கரண்ட் போயிற்று. ஐந்தாவது தடவை டீக்கடையிலிருந்து எழுந்து வந்தபோது எனக்கு வெறுத்துவிட்டது. பேக்கிங் பெட்டியில் ஒரு துண்டுக் கட்டையை உடைத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடி விழாமல் முட்டுக் கொடுத்து வைத்தேன். வீட்டில் லோட்ஷெடிங் வந்தால் ஃபேன் சுவிட்சை யாராவது அணைக்கிறோமா? ஃபேன் சுற்றினால் கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதானே. நான் யோசித்தது இவ்வளவுதான். நிமாய்தா என்னைப் பார்க்க முடியாது. கலக்கி ஓடினால் ஸ்விட்ச் அறையில் நான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். திதி ஊரில் இல்லை, அதனால் விசில் சடங்கெல்லாம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். ரியாக்டரின் மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வாய், மேன்ஹோல், அதன் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

அக்கா திரும்பி வருகிற அன்று காலையில் கட்டையை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்று விடியற்காலையிலிருந்து மழை. சைக்கிள் டயர் பங்ச்சர். நான் போய்ச் சேரும்போதே பத்தரை. ஓலியம் பாதி இறங்கியிருந்தது. கூடவே கரண்டும் போய்விட்டது.

கட்டையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று, அக்காவிடம் அம்மா எப்படி இருக்கிறார் என விசாரித்துக்கொண்டு ஷெட்டிலேயே நின்றுவிட்டேன். இருபது நிமிஷம் இருக்கும். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். ஓலியம் டாங்கியின் பக்கத்தில் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் இருக்கிறது. மட்டம் ஒரு சாண் இறங்கியிருந்தது. நிமாய்தா வால்வை மூடியிருக்கிறார். ஆனால் வால்வு தேய்ந்துபோய் உள்ளுக்குள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. இருபது நிமிஷமாக ஓலியம் இறங்கி, கலக்க ஆள் இல்லாமல், அடியில் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறது.

வால்வை இறுக்கச் சொல்லி அக்கா குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நிமாய்தா பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் ஏறி, திறந்த மேன்ஹோலுக்கு மேலே குனிந்து வால்வை இறுக்கத் தொடங்கினார். அக்கா முகத்தில் பெரிய கவலை தெரியவில்லை. ஸ்டார்ட்டர் விழுந்துதானே கிடக்கும், கரண்ட் வந்தாலும் நாமாக ஓட்டினால்தானே ஓடும், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். அந்தத் தைரியத்தை நான் மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்துவிட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒரு நிமிஷமோ அரை நிமிஷமோ, கரண்ட் வந்தால் கலக்கி தானாகச் சுற்றும். அடியில் கிடக்கிற அத்தனையும் ஒரே மூச்சில் எண்ணெயோடு சேரும். பொங்கி மேலே வருவதற்கு இருக்கிற வழி ஒன்றே ஒன்று. அந்த வழியின் மேல் நிமாய்தா குனிந்திருந்தார்.

நிமாய்தாவை இறங்கச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அக்கா, மெயினை அணைக்கணும் என்று கத்திவிட்டு ஓடினேன்.

ஷெட்டுக்கும் ஸ்விட்ச் அறைக்கும் நடுவில்தான் டிரம் நிரப்புகிற இடம். சிந்திய ஸ்லரி தரையில் வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கும். அன்று மழைத்தண்ணீர் வேறு. நாலாவது எட்டில் என் கால் காணாமல் போயிற்று. இடுப்பு தரையில் மோதியது, கணுக்கால் மடங்கியது. எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கையை ஊன்றினால் கை வழுக்கியது. மேலெல்லாம் நுரை. அந்த நுரையில் பச்சைக் குழந்தை மாதிரி தவழ்ந்துகொண்டிருந்தேன். என் கால் வலி எனக்கு உறைக்கவே இல்லை. மேலே ஸ்பானர் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா என்னைக் கடந்து போனார். நடந்துதான் போனார். பாதத்தைத் தள்ளி, நிறுத்தி, மறு பாதத்தைத் தள்ளி.

“ஓடுங்க அக்கா” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை, வேகமும் கூட்டவில்லை. பத்து எட்டு. பதினைந்து. அவரை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன். ஒரு மனுஷனின் உயிர் அங்கே குனிந்து நிற்கிறது, இவள் கரியாஹாட்டில் துணி வாங்கப் போவது போலப் போகிறாளே என்று பல்லைக் கடித்தேன். முப்பது. நாற்பது. அவர் ஒரு தடவைகூட வழுக்கவில்லை என்பது அப்புறம்தான் என் மண்டையில் ஏறியது. எத்தனை வருஷம் அந்தத் தரையில் நடந்திருப்பார். அந்தத் தரையில் ஓடிப்போய் யாரும் எங்கும் சேர முடியாது.

ஸ்விட்ச் அறைக்குள் அவர் நுழைந்தார். மெயின் கைப்பிடி இறங்குகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் என் கட்டைத்துண்டு இருந்தது. நான் தரையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது.

அன்று முழுக்கக் கலக்கியின் பெல்ட்டைக் கையால் கால் சுற்று சுற்றுவது, தெர்மாமீட்டரைப் பார்ப்பது, காத்திருப்பது, மறுபடி கால் சுற்று என்று அக்கா அந்தப் பேட்ச்சைப் பணிய வைத்தார். சாயங்காலம் ஆயிற்று. அதற்குள் நிமாய்தா என்னைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் தூக்கி உட்கார்த்தி டாக்டரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, வீட்டில் கொண்டுவந்தும் விட்டார். புகையில் அவர் தொண்டை கட்டியிருந்தது. திதிக்குச் சொல்லி ஓடிப்போனியே, நீ நல்ல பையன் என்று கரகரத்த குரலில் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸ் அறையில் முதலாளி மேஜைமேல் கட்டைத்துண்டை வைத்திருந்தார். யார் வைத்தது என்று முதலில் என்னிடம்தான் கேட்டார். தெரியாது என்றேன். அப்பா அந்த டிசம்பரில் ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அப்புறம் வீட்டுக்கு இருக்கப்போவது என் வேலை ஒன்றுதான். இந்த நினைப்பெல்லாம் எனக்கு முன்னே வரிசையாக வந்து நின்றது உண்மை. ஆனாலும் தெரியாது என்றதற்கு அது காரணம் ஆகாது. முதலாளி நிமாய்தா பக்கம் திரும்பினார். கலக்கி ஓட நேரமாகிறது என்று தினம் புலம்புகிறவன் நீதானே என்றார். நிமாய்தா, நான் அந்த அறைக்குள் போனதே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். கடிதம் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. பிளாண்ட் பொறுப்பாளர் என்ற முறையில் அக்கா கையெழுத்துப் போட்டால் நிமாய்தாவின் பன்னிரண்டு வருஷ வேலை முடிந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம். கடிதத்தைப் படித்தார். முடித்துவிட்டு முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தார். முதலாளி விரலால் மேஜையைத் தட்டினார். அக்கா பேனாவைத் திறந்தார், ஒரு காகித ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், மூடினார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தது, குடித்தார். மறுபடி பேனாவைத் திறந்தார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்த மனுஷி எனக்காகத்தான் நேரத்தை இழுக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு வேண்டிய அளவு நேரம் கொடுக்கிறார். இதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பேனா முனை கடிதத்தைத் தொட்டது. அவர் பெயரின் முதல் எழுத்து பாதி வந்துவிட்டது.

“அக்கா, அந்தக் கட்டையை வெச்சது நான்” என்றேன்.

அவர் பேனாவைத் தூக்கினார். முதலாளி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். நிமாய்தா என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் நான் செய்தது எனக்கே புரிந்தது. பெங்காலி தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொள்கிறவன், அந்த அறையில் ஒருத்தருக்கு மட்டும் புரிகிற பாஷையில் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. நான் நினைத்துச் செய்யவில்லை. என் நாக்கு எனக்கு முன்னால் யோசித்து அந்த வழியைப் பிடித்திருந்தது.

“எனக்கு நேத்தே தெரியுமுங்க தம்பி” என்றார் அக்கா. “மேன்ஹோலுக்கு மேல நின்னது நானில்லைங்க, அவரு. அவருக்குப் புரியற பாஷையில சொல்லுங்க.”

நிமாய்தா பக்கம் திரும்பினேன். வைத்தது நான்தான் என்று பெங்காலியில் சொன்னேன். மூன்று வார்த்தைதான். முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். என்னவோ கத்தினார், அன்றோடு என் கணக்கு முடிந்தது என்பது மட்டும் காதில் விழுந்தது. நிமாய்தா கத்தவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார். விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாளிலிருந்து என்றேன்.

அவர் வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் கணுவாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். அந்த மூன்று வாரத்தில் எத்தனை தடவை கரண்ட் போய்த் திரும்பி வந்தது, எத்தனை தடவை அவர் அந்த மேன்ஹோல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று எண்ணுகிறார். ஒரு கை முடிந்தது. நிமாய்தா இடது கையை விரித்தார்.